நினைவு மலரில் ஒரு பத்தி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான், என் மனைவி, என் முழங்கால் வலி மூவரும் சுகம். நீயும் அத்தானும் அத்தானுடைய மூக்குக்கண்ணாடிக் கடையும் சுகமா?

முதலில் துக்கச் செய்தி. நம் நீதிபதி ஐயா போய்விட்டார். வியாழக்கிழமை காலை, தோட்டத்து நாற்காலியில், பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே. ஆஸ்பத்திரி இல்லை, மருந்து இல்லை. தீர்ப்பை வாசித்துவிட்டு உள்ளறைக்கு எழுந்து போவாரே, அப்படிப் போய்விட்டார். ஊரே கடையடைத்தது. கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துப் பிழைக்கும் நானும் மெஷினுக்கு உறை போட்டேன். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுகிறவனுக்கு அன்றைக்கென்று பார்த்து நாலு பேர் மனுவோடு வந்து நின்றார்கள். என் ராசி அப்படி.

இறுதி ஊர்வலத்தில் வக்கீல் சங்கத் தலைவர் விக்கி விக்கி அழுதார். ஐயா முன்னால் அவர் ஒரு கேஸாவது ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை. எதற்கு அழுதார் என்று விசாரித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் முன்னால் நடந்தவர் யார் தெரியுமா? தோட்டக்காரர். துணிக் கிடங்கு தீ வழக்கில் ஐயாவே ஆயுள் தண்டனை கொடுத்து, தண்டனை முடிந்த அன்று ஐயாவே ஜெயில் வாசலுக்குக் கார் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்து, தன் வீட்டிலேயே வேலை போட்டுக் கொடுத்தாரே, அதே ஆள்தான். ஐயாவின் தலை சாய்ந்ததை முதலில் பார்த்ததும் அவர்தானாம். "பக்கத்துலதான் சார் தண்ணி விட்டுட்டிருந்தேன். மீதிப் பாத்திக்கும் விட்டு முடிச்சிட்டுப் போய் அம்மாகிட்ட சொன்னேன்" என்றார். என்ன கடமை உணர்ச்சி, பார்.

வக்கீல் சங்கம் ஐயாவுக்கு நினைவு மலர் போடுகிறது. தொகுப்பாசிரியர் உன் தம்பி. உள்ளூர்ப் பேப்பரில் ஞாயிறுதோறும் சிரிப்புப் பத்தி எழுதி, தானே படித்து, தானே சிரிக்கிற ஒரே பிறவி நான்தான் என்பதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளம் கிடையாது என்பதையும் ஏகமனதாகத்தான் முடிவு செய்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் ஒரே தம்பி
(இவனே போதும் என்று அப்பா நிறுத்திக்கொண்டார்)

*

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கொடுக்கிறேன் என்று எழுதிவிட்டுக் கொடுக்காமல் இருக்காதே.

உன் கடிதம் வந்த அன்று அத்தான் கடை திறக்கவில்லை. ஐயா மிகவும் நல்லவர். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அதனால்தான் பதில் தாமதம்.

அந்தத் தோட்டக்காரர் இனி எங்கே இருப்பார்? அம்மாள் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்களா, இல்லை வேறெங்காவது போகிறாரா? நீ பத்துச் சங்கதி எழுதுவாய், கேட்டதை மட்டும் விட்டுவிடுவாய். இதை மறக்காமல் எழுது.

மலரை நீ தொகுத்தால் போதும். மற்றவர்கள் எழுதட்டும். நீ எதுவும் எழுத வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பு.

உன் அக்கா

*

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் நலம், கால் கொப்பளித்துவிட்டது. உங்கள் இருவர் சுகமும் கேட்டுக்கொள்கிறேன்.

"நீ எழுத வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். என் பத்திகளைப் படித்த எல்லோரும் சொல்வதுதான். சொந்த அக்காவும் சொன்னால் கொஞ்சம் வலிக்கிறது, பரவாயில்லை.

மலர் வேலை மும்முரம். ஒரு பை, ஒரு பேனா, காதோரம் செருக ஒரு பென்சில் என்று வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். துணிக் கிடங்கு வழக்கில் சாட்சியை ஐயா திரைக்குப் பின்னால் உட்கார வைத்துப் பேச வைத்த கதை. குற்றவாளியைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டு, டைப்பிஸ்டை வெளியே அனுப்பிவிட்டு, வாக்குமூலத்தை ஐயாவே கைப்பட எழுதிக்கொண்டாராம். அந்தச் சாட்சி யார் என்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. பால்காரர் என்கிறான் ஒருவன். கிடங்கு முதலாளியின் சம்சாரமே என்கிறான் இன்னொருவன். சவரக் கடைக்காரர், அது தானேதான் என்பது போல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மேலே பேச மறுக்கிறார்.

ஐயா வீட்டு அம்மாளையும் பார்த்தேன். ஐயாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றால், தோட்டக்காரரைப் பற்றித்தான் பேசினார்கள். "அவன் வந்த நாள்லேர்ந்து அவனுக்கு நான் முதுகு காட்டி நின்னதில்ல. சமையல்கட்டுக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டுத்தான் அடுப்பே பத்த வைப்பேன்" என்றார்கள். பெரிய இடத்து மனுஷர்களுக்கு ஏழைகள்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். ஐயா அப்படியா? தினம் சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, இன்று எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாராம். ஒரு நாள் லீவு கொடுக்க மனசு வராதாம். தான் வெளியூர் போனால்கூட, பாவம் தனியாக இருப்பானே என்று, போலீஸ் ஸ்டேஷன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைப்பாராம். பெற்ற பிள்ளையிடம்கூட இப்படி ஒரு பாசம் பார்த்ததில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அம்மாள் பதினைந்தாம் நாளே அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் கோர்ட் வாசலில் நின்றார். என் மனசு உனக்குத் தெரியுமே. நம் வீட்டுக் கொல்லைப்புறத்து அறையைக் கொடுத்துவிட்டேன். பழைய பேப்பரும் உடைந்த நாற்காலியும் குடியிருந்த அறை. ஒரே நாளில் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். மனுஷர் சத்தமே இல்லாமல் நடக்கிறார். திரும்பிப் பார்த்தால் நிற்கிறார்.

என் மனைவி உன்னை விசாரித்தாள்.

தொகுப்பாசிரியர்
(ஊதியமற்றவர்)

*

பிப்ரவரி 14

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. உட்கார்ந்து பதில் எழுதிவிட்டேன்.

அவரை வீட்டை விட்டு அனுப்பு. மெதுவாக, கோபம் வராமல், ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பு. உன் மாமியார் வருகிறார் என்று சொல். கூரை ஒழுகுகிறது என்று சொல். ஒரு ஆளை உள்ளே வைத்துப் பூட்டி எரித்தவன் என்று ஊரறியத் தீர்ப்பான ஆள். இதற்கு மேல் உனக்கு என்ன காரணம் வேண்டும்?

என்னைப் பற்றி அவரிடம் பேசாதே. அத்தானைப் பற்றியும், கடையைப் பற்றியும் பேசாதே. வேடிக்கைக்குக்கூட வேண்டாம்.

ஏன் என்று கேட்காதே. செய்துவிட்டு எழுது.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். அங்கே எல்லோரும் சுகம்தானா? உன் கையெழுத்தைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. டைப்பிங் டீச்சராக இருந்தபோது எனக்கு ஒரு எழுத்துப் பிசகினால் விரலிலேயே அடித்தவள் நீ. இப்போது உன் வரிகள் படிக்கட்டில் உருண்டு விழுந்த மாதிரி இருக்கின்றன. கண் பரிசோதனை செய்துகொள். வீட்டிலேயே கண்ணாடிக்காரர் இருக்கிறார்.

என் மாமியார் வருகிறார் என்று சொல்லச் சொன்னாய். சொன்னேன். "வரட்டும் சார், அவங்களுக்கும் வெந்நீர் போட்டுக் கொடுக்கிறேன்" என்றுவிட்டார். இப்போது உண்மையிலேயே மாமியாரை வரவழைக்க வேண்டியதாகிவிடுமோ என்று எனக்குத் திகில். அக்கா, தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டு வந்த மனுஷனை ஐயாவே வீட்டில் வைத்திருந்தார். ஐயாவை விட உனக்குச் சட்டம் தெரியுமா? என் மனைவிதான் உன் கட்சி. அவர் வந்ததிலிருந்து துணியை வீட்டுக்குள்ளேயே காயப் போடுகிறாள். வீடு முழுக்க ஈரம்.

கோபிக்காதே. மலரில் நான் ஒரு கட்டுரை எழுதிவிட்டேன். பெரிய வக்கீல்கள் எல்லாம் ஐயாவின் நேர்மை, ஐயாவின் கண்டிப்பு என்று ரம்பம் போட்டிருக்கிறார்கள். மனுஷனாக அவரைக் காட்ட ஒரு பத்தியாவது வேண்டாமா? இதோ, கேள்:

"ஐயா ஆண்டுக்கு ஒரு முறை மூக்குக்கண்ணாடி மாற்றுவார். அதற்காக ஓர் இரவு முழுக்க ரயிலில் போவார். என் அத்தானின் கடையில்தான் மாற்றுவார். ஊர் திரும்பியதும் என் டைப் மேஜைக்கு வந்து, குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், 'உங்க அக்கா நல்லா இருக்காங்க' என்று சொல்லிவிட்டுப் போவார். கோர்ட் படியே மிதிக்காத என் அக்காவின் நலத்தில் அத்தனை பெரிய மனிதருக்கு ஏன் அத்தனை அக்கறை? எனக்கு இன்றும் விளங்கவில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான்."

எப்படி? எனக்கே கண் கலங்கிவிட்டது. தோட்டக்காரருக்குப் படித்துக் காட்டினேன். செடிக்குக் கொத்திக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "இன்னொரு தடவை படிங்க சார்" என்றார். என் இருபது வருஷ எழுத்து வாழ்க்கையில் இப்படி ஒருவர் கேட்டதே இல்லை. படித்தேன். அப்புறம் அவர் சொன்னதுதான் வேடிக்கை.

"ஐயா கண்ணாடிய நான்தான் தினம் துடைச்சு வெப்பேன். வருஷா வருஷம் புதுசு வரும். டப்பாக்குள்ள பவர் எழுதின சீட்டு இருக்கும். நம்பர் மட்டும் மாறவே மாறாது சார்."

ஐயாவுக்குக் கண்ணாடிப் பித்து என்று ஊரில் சொல்வது சரிதான் போல. உன்னைப் பற்றியும் அக்கறையாக விசாரித்தார். எப்போது கல்யாணமாகிப் போனாய் என்று கேட்டார். உங்க கேஸ் முடிஞ்ச கையோடு என்றேன். அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். உங்க கிடங்குக்கு எதிர்மாடியில டைப்பிங் சொல்லிக்கொடுத்தாங்க, இன்னிக்கு நான் சாப்பிடற சோறு அவங்க போட்டது என்று உன்னைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னேன். இதில் என்ன தப்பு? மனுஷர் தலையாட்டிவிட்டு மறுபடி கொத்த ஆரம்பித்தார். அன்று இருட்டும்வரை கொத்தினார்.

அத்தான் கடை பெயர் மலரில் வருகிறது. இலவச விளம்பரம். எனக்கு ஒரு கண்ணாடியாவது இனாமாகத் தரச் சொல்.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

அந்தப் பத்தியை எடுத்துவிடு.

கட்டுரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடி, ரயில், கடை, நான், இந்த நாலும் வரும் இடம் மட்டும் வேண்டாம். அச்சுக் கோத்திருந்தாலும் கலைக்கச் சொல். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றுதான் கேட்கிறேன்.

அவரிடம் இனி ஒரு வார்த்தை பேசாதே. நீ பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இருந்து பார்.

அத்தான் உன்மேல் கோபமாக இல்லை. அதைச் சொல்லச் சொன்னார்.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகத்துக்கு மேல் சுகம். நேற்று மலர் வெளியீடு.

உன் கடிதம் வந்தபோது அந்தப் பக்கம் அச்சேறிவிட்டது என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உன்னிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததில்லை. ஏறவில்லை. எடுத்திருக்கலாம். அச்சகம் வரைக்கும் போனேன். அங்கே அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "இதுதான் சார் இந்த புஸ்தகத்துலயே உசிரு" என்று சொல்லித் தொலைத்தார். திரும்பி வந்துவிட்டேன். உனக்கு விளம்பரம் பிடிக்காது, அத்தானும் கூச்ச சுபாவம், தெரியும். ஒரு பத்தி உங்களை என்ன செய்துவிடப் போகிறது?

மண்டபம் நிறைந்த கூட்டம். என்னை மேடையில் அந்தப் பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஐயா வீட்டு அம்மாள் மட்டும் தட்டவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்ததும் கையைப் பிடித்து, "அவர் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். நீங்க இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார்கள். புருஷன் போன துக்கம், புத்தி தடுமாறுகிறது போலிருக்கிறது. நான் ஆறுதல் சொன்னேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. தோட்டக்காரர் கிளம்புகிறார். நீ சொன்னபடியே ஆயிற்று, நான் ஒரு வார்த்தை சொல்லாமலே. உங்கள் பக்கத்தில் அவருக்குத் தூரத்துச் சொந்தங்கள் இருக்கிறார்களாம். வழியில் ரெண்டு மூன்று ஊர்களில் இறங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகப் போகப் போகிறார். உன் பிரதியைத் தபாலில் போட உறை தேடிக்கொண்டிருந்தேன். "தபால்ல போட்டா முனை மடங்கிடும் சார். நானே கொண்டுபோய் அவங்க கைல கொடுத்துடறேன்" என்றார். என் மனைவி குறுக்கே விழுந்து, வேண்டாம், தபாலே போகட்டும் என்றாள். நான்தான் அடக்கினேன். உன் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, துணியில் சுற்றிக் கொடுத்தேன். மனுஷர் அதைப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே வைத்த அழகைப் பார்க்க வேண்டும்.

நாளைக் காலை வண்டி. வந்தால் ஒரு டீயாவது கொடுத்து அனுப்பு. என் மானத்தைக் காப்பாற்று.

மேடை கண்ட தம்பி

*

ஏப்ரல் 8

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. அவன் இன்னும் வரவில்லை. அத்தான் கடைப் பலகைகளைச் சாத்திக்கொண்டிருக்கிறார். கிடைத்த நேரத்தில் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

திரைக்குப் பின்னால் பேசியது நான்.

அன்று விடுமுறை. மெஷின்களுக்கு ரிப்பன் மாற்ற இன்ஸ்டிடியூட்டுக்குப் போயிருந்தேன். மதியம். எதிரே கிடங்கில் அவன் கதவைச் சாத்தினான். பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். அதற்கு அப்புறம்தான் நெருப்பு வைத்தான். உள்ளே காவல்காரர் தூங்குகிறார் என்று அவனுக்குத் தெரியும். கதவைத் தட்டும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றான். கேட்ட பிறகுதான் நகர்ந்தான். முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

கோர்ட்டில் சொன்னேன். தீர்ப்பன்று அவன் எல்லோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் சாவேன்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னானாம். ஐயாதான், தன் பெயர் வெளியே வராமல், எனக்கு இந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்தார். அத்தானுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொண்டார்.

அவன் வெளியே வரும் வருஷம் ஐயா கடைக்கு வந்தார். "சட்டப்படி இனிமே அவனை நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. ஆனா என் தோட்டத்துல நிறைய வேலை இருக்கு. நான் இருக்கற வரைக்கும் அவன் என் கண் முன்னாடியே இருப்பான்" என்றார். இருந்தான். அதைத்தான் நீங்கள் எல்லோரும் கருணை என்று புத்தகம் போட்டிருக்கிறீர்கள். வருஷா வருஷம் வந்து, "அவன் அங்கதான் இருக்கான், தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். வந்ததற்குக் காரணம் காட்ட ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்வார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டாய். உன் வயிற்றில் ஒரு சொல் தங்காது. அது உன் குற்றம் இல்லை, நீ பிறந்ததே அப்படித்தான். அதை நேசித்துத்தான் உன் கடிதங்களுக்குக் காத்திருந்தேன்.

நாங்கள் கிளம்புகிறோம். எங்கே என்று சொல்ல மாட்டேன். இந்த முகவரிக்கு இனி எழுதாதே. நானே எழுதும்வரை ஒரு வரிகூட எழுதாதே.

ஒத்தடம் கொடுத்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 15

அக்கா,

எழுதாதே என்றாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தந்தி அடித்தேன். டிரங்க் கால் போட்டேன். கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. புது முகவரிக்கு அனுப்பச் சொல்லித் தபால் ஆபீசில் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருப்பீர்கள், அத்தான் அந்த மாதிரி விஷயத்தில் கெட்டிக்காரர். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

திரைக்குப் பின்னால் இருந்தது நீ என்று தெரியாமல் போயிற்றே. தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். பால்காரர், முதலாளி சம்சாரம் என்று உனக்கே எழுதி நானே சிரித்தேனே. உன்னைப் பற்றி அவன் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொன்னேன். கிடங்குக்கு எதிர்மாடி என்று நானே சொன்னேன். மைக் வைத்து மேடையிலும் சொன்னேன்.

அத்தானின் தங்கை வீட்டுக்குத்தான் போயிருப்பீர்கள். மலைப்பக்கம், மரக்கடைக்குப் பின்னால், அந்த வீடுதானே? அங்கேயே இருங்கள். அது பத்திரமான இடம். நான் வந்து சேர்கிறேன்.

சுகமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. சுகமா?

தம்பி

*

மே 6

மதிப்புக்குரிய சாருக்கு,

ஐயா வீட்டுத் தோட்டக்காரன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வீட்டம்மா சுகமா? நான் கிளம்பும்போது கொல்லைப்பக்கச் செடிகளுக்கு மண் அணைத்து வைத்தேன். தண்ணீர் விடுகிறீர்களா?

நீங்கள் கொடுத்த புத்தகத்தை உங்கள் அக்கா கையில் கொடுக்க முடியவில்லை. நான் போய்ச் சேரும்போது கடை பூட்டியிருந்தது. நானும் பூட்டை இழுத்துப் பார்த்தேன். நல்ல பூட்டு. எப்படியும் வருவார்கள் என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். கடை முன்னால் நாலு தொட்டிச் செடி வாடிக் கிடந்தது, அதற்குத் தண்ணீர் விட்டேன். தினமும் அங்கேயே இருந்ததால் அக்கம்பக்கத்தில் என்னை அந்த வீட்டு மனுஷன் என்றே நினைத்துவிட்டார்கள். தபால்காரரும் அப்படித்தான் நினைத்தார். உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

படித்தேன் சார். தப்புத்தான். ஆனால் படித்தது நல்லதாகப் போயிற்று. அதுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. உங்கள் பத்தியைக் கேட்ட நாளிலிருந்து ஒரு சந்தேகம், அவ்வளவுதான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்று ஐயா அடிக்கடி சொல்வார். இப்போது சந்தேகம் இல்லை.

நீங்கள் எழுதியிருந்த மலைப்பக்கத்து வீட்டுக்கும் போய் வந்தேன். மரக்கடைக்குப் பின்னால், அதேதான். நல்ல குடும்பம். உங்கள் அக்கா அங்கே வரவில்லை. எங்கே போனார்கள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை சார். நான் பொறுமையாகத்தான் கேட்டேன்.

இனி அலைந்து பிரயோஜனமில்லை. எனக்கும் வயசாகிறது. உங்கள் அக்காவுக்கு உங்கள்மேல் எவ்வளவு பிரியம் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. உங்களுக்கு எழுதாமல் அவர்களால் ரொம்ப நாள் இருக்க முடியாது.

அதனால் நான் அங்கேயே வந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வண்டி. கொல்லைப்புறத்து அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சம்பளம் வேண்டாம். தபால்காரர் வரும்போது கால் வலியோடு நீங்கள் எழுந்து வாசலுக்குப் போக வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். துணியை வெளியிலேயே காயப் போடச் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள
தோட்டக்காரன்